அவர் கேட்டு வாங்கிய கொழுக்கட்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்லி நீங்கள் அறிய முன் நானே சொல்லிவிடுகிறேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் அப்படிப் பிழைத்தவள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வீடு வாடகைக்கு எடுத்ததும், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வாங்கியதும், எனக்கு ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை எடுத்ததும் எல்லாம் என் அரைகுறை ஆங்கிலத்தாலும் முழு வாயாலும்தான்.

என் வீட்டுக்காரர் எனக்கு மேலால் கதைக்கிற மனிதர். வென்ட்வேர்த்வில்லில் கார் ஓட்டப் பழக்குவது அவருடைய தொழில். ஸ்ரியரிங்கைக் கண்டாலே கை நடுங்குகிற எத்தனையோ அன்ரிமாருக்குப் பக்கத்து ஸீற்றில் இருந்து கதை சொல்லிச் சொல்லியே லைசன்ஸ் எடுத்துக் கொடுத்தவர். "அன்ரி, உது றவுண்டபவுட், உங்கட வீட்டு முற்றமில்லை, கெதியாத் திரும்புங்கோ" என்று அவர் சொன்னால் பயந்துபோன மனிசியும் சிரித்துக்கொண்டே திருப்பும். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கதைப்போம். யாருக்கு யார் மறுமொழி சொல்கிறோம் என்று எங்கள் மகளுக்கே விளங்காது.

போன வருடம் ஒரு காலையில், பல் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். ஸ்ரோக். உயிர் தப்பியது பிள்ளையார் புண்ணியம். இழுபட்டுப் போன வலது கையும் காலும் பயிற்சியால் மெல்ல மெல்லத் திரும்பின, கைத்தடியாக ஒரு பொல்லை ஊன்றி நடந்தார். பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். பகிடி சொன்னால் சிரிப்பார், கணக்குப் பிழைத்தால் கையால் காட்டுவார். ஆனால் சொல்ல நினைக்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். "ஓம்" வரும். "இல்லை" வரும். சில நாட்களில் வேறு ஒன்றிரண்டு சொல் வரும். கதை கதையாய்ச் சொன்ன மனிதருக்கு மிஞ்சியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமைகளில் அவருக்குப் பேச்சுப் பயிற்சி. பழக்குகிற பெண் நல்ல பிள்ளை, சின்ன வயது. ஒருநாள் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "வீட்டில் அவர் கதைக்கத் தேவையே இல்லாமல் நீங்கள் வைத்திருக்கிறீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மனிதர் கதைக்கமுடியாமல் அந்தரப்படும்போது பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாளா? அவர் அடுப்புப் பக்கம் பார்த்தால் தேத்தண்ணி, ஜன்னல் பக்கம் பார்த்தால் கம்பளிச்சட்டை என்று ஓடி ஓடிச் செய்ததற்குக் கிடைத்த மரியாதை இது. வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லிக் கொட்டித் தீர்த்தேன். மகள், "அவ சொன்னது கரெக்ற், அம்மா" என்றாள். அவளும் அந்தக் கட்சி.

அந்தப் பெண் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். வெளியே போகவேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம், தனக்கு வேண்டிய ஒன்றைத் தானே வாய் திறந்து கேட்டு வாங்கவேண்டும். ஒரு சொல்லானாலும் போதும். அவர் செய்யவில்லை. கடைக்குக் கூப்பிட்டால் காரில் இருந்துவிடுவார். அடுத்த திங்கட்கிழமை பயிற்சியிலும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும், பயிற்சிக்கென்று தந்த படக்கட்டை எடுத்தார். கோப்பை, கதிரை, பூனை என்று படம் போட்ட அட்டைகள். அதைக் கொண்டுபோய்க் குசினிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். கோபமாகக்கூடப் போடவில்லை, வாழைப்பழத் தோலைப் போடுவதுபோலப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். "வாற திங்கள் போவமெல்லோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். அது மட்டும் தெளிவாக வந்தது.

கோபப்பட்டிருந்தால் எனக்கும் திருப்பிக் கோபப்படத் தெரியும். இவர் கைவிட்டுவிட்டார் என்று விளங்கியபோதுதான் பயம் வந்தது. இந்தக் கட்டத்தில் பயிற்சியை விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம் என்று டொக்ரர் முதலே சொல்லியிருந்தார். அட்டைகளை எடுத்து ஈரத்துணியால் துடைத்து அடுக்கி வைத்தேன். துடைத்துக்கொண்டே அழுதேன்.

மகள் ஒரு யோசனை கொண்டுவந்தாள். அவளுக்கு வேலை நகரத்துக்குள். சென்ட்ரல் ஸ்ரேஷனுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கைக்குள் சீனக் கலைப்பொருட்கள் வைத்திருக்கிற மியூசியம் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை லீவு போடுகிறாளாம். "படம் பாக்கிறதுக்கு அப்பா கதைக்கத் தேவையில்லை. பிறகு சைனா ரவுனில நைற் மார்க்கற். அங்க அப்பா ஒரே ஒரு சாமான் ஓடர் பண்ணட்டும்." பிறகு அவர் முன்னால் முழங்காலை மடித்து இருந்துகொண்டு சொன்னாள்: "அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டால் நான் இனித் தெரப்பி பற்றிக் கேக்க மாட்டன், அப்பா. ப்ரொமிஸ்." அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு "ஓம்" என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் வாய் திறக்கக் கூடாது." நானும் பிள்ளையார் மேல் சத்தியம் பண்ணினேன். பிள்ளையாருக்கு என்னைத் தெரியும்.

சத்தியம் வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷன் மேடையிலேயே முறிந்தது. இவரிடம் கார் பழகிய ஒரு அன்ரி கையில் மரக்கறிப் பையோடு நின்றா. "அண்ணை, எப்பிடிச் சுகம்?" என்றா. இவர் வாயைத் திறக்க முன் நான், "நல்ல சுகம், இப்ப நல்லா நடக்கிறார், சாப்பாடெல்லாம் ஒழுங்கு, பிரஷர் மட்டும்தான் கொஞ்சம்" என்று ரெயின் வரும்வரை சொல்லி முடித்தேன். ரெயினுக்குள் ஏறியதும் மகள் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். "அவ என்னட்டையும்தான் கேட்டவ" என்றேன்.

மியூசியம் பழைய தொழிற்சாலைக் கட்டிடம் மாதிரி இருந்தது. நாலு மாடி, லிஃப்ற் இருந்தது, உள்ளே போகக் காசில்லை. நான் பூச்சாடி, பட்டுச்சேலை, டிராகன் என்று எதையோ எதிர்பார்த்துப் போனேன். முதல் மாடியில் ஒரு அறை நிறையச் சோப்புக்கட்டியில் செதுக்கிய சின்னச் சின்ன வீடுகள். யாரோ ஒருவர் தான் பிறந்த தெருவை இடிக்க முன் ஞாபகத்தில் இருந்து செதுக்கினாராம். அறை முழுக்க உடுப்புத் தோய்க்கிற வாசம். "நல்ல சோப்பெல்லாம் வீண்" என்று நான் சொல்ல, மகள் "உஷ்" என்றாள். இவர் மட்டும் குனிந்து குனிந்து ஒவ்வொரு வீட்டின் வாசலையும் பார்த்தார்.

அடுத்த மாடியில் ஒரு வீடியோ ஓடியது. பூங்கா ஒன்றில் ஒரு வயதானவர் கூட்டுகிற தும்புத்தடி அளவு நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நிலத்தில் சீன எழுத்து எழுதிக்கொண்டு போகிறார். வெயிலில் முதல் வரி காய்ந்து மறைய, அவர் அடுத்த வரியை எழுதுகிறார். "உதென்ன மினக்கெட்ட வேலை?" என்றேன். இவர் அதற்கு முன்னால் நின்றவர் நின்றவர்தான். படம் முடிந்து திரும்பவும் முதலில் இருந்து ஓடத் தொடங்கியது. "கால் நோகேல்லையோ?" என்று கேட்டேன். "இல்லை." எனக்கு நொந்தது. சுவரோரம் கிடந்த வாங்கில் இருந்துகொண்டு அவரைப் பார்த்தேன். வீட்டில் ரீவியைக்கூட ஒழுங்காகப் பார்க்காத மனிதர் அன்றைக்குக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

மூன்றாவது மாடியில்தான் கூத்து.

ஒரு இருட்டு அறை. வாசலில் உயரமான மரப்படி. உள்ளிருந்து சாம்பிராணி மாதிரி ஒரு வாசம். எட்டிப் பார்த்தால், அலுமினியச் சட்டி, பானை, மூடி, அகப்பை எல்லாவற்றையும் ஒட்டிச் செய்த பென்னம்பெரிய உருவம் ஒன்று. சம்மணம் கட்டி, தொந்தி தள்ளி, கண்ணை மூடி இருக்கிறது. முன்னால் மண் நிரப்பிய கிண்ணம், அதில் ஊதுபத்தி. மேலேயிருந்து மங்கலாக ஒரு வெளிச்சம். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. குனிந்தேன், கை தானாகச் சப்பாத்தைக் கழற்றியது. "இஞ்சருங்கோ, சப்பாத்தோட போகாதேங்கோ" என்று இவருக்கும் சொன்னேன்.

"அம்மா, இது மியூசியம்" என்று மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "கோயிலில்லை."

"எங்க இருந்தாலும் சாமி சாமிதான்."

இவருக்கு வலது காலில் சப்பாத்துக்குள் பிளாஸ்ரிக் பட்டை ஒன்று, முழங்காலுக்குக் கீழ்வரை. பாதம் தொங்காமல் இருக்கப் போட்டது. அதைக் கழற்றுவதென்றால் லேசான வேலையில்லை. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார், நான் நிலத்தில் குந்தியிருந்து பட்டையை இழுத்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு தம்பதி என்னைப் பார்த்தார்கள், உள்ளே பார்த்தார்கள், பிறகு பேசாமல் தங்கள் சப்பாத்தைக் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து மூன்று மாணவிகள் கழற்றினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு யாரும் சொல்லவே தேவைப்படவில்லை. வாசலில் வெள்ளிக்கிழமைக் கோயில் மாதிரிச் சப்பாத்து வரிசை.

நான் உள்ளே போய் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, இவருக்குப் பேச்சைக் கொடு சாமி என்று உருகி வேண்டினேன். கண்ணைத் திறந்தால் மகள் சுவரில் ஒட்டியிருந்த விளக்கத்தை வாசித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய தோள் குலுங்குகிறது. "அம்மா, உது சாமி இல்லை. ஒரு ஃபக்ரரி கன்ரீன் குக். இதைச் செய்த ஆர்ற்றிஸ்ற்ரின்ர அப்பா. மத்தியானச் சாப்பாடு குடுத்திட்டு இருந்தபடி நித்திரை கொள்ளுறாராம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆனால் நான் விடுகிற ஆளா? "சோறு போட்டவர் சாமிதான், போ" என்றேன்.

அப்போதுதான் இவர் சிரித்தார். சும்மா வாய் கோணுகிற சிரிப்பில்லை. வயிறு குலுங்க, சத்தமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் விளங்காத அந்தத் தம்பதியும் சேர்ந்து சிரித்தார்கள். ஸ்ரோக்குக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. கன்ரீன் சமையற்காரர் வரம் தருகிறார் என்றே நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்தேன். வெளியே வந்தபோது கறுப்புச் சட்டை போட்ட காவல் பெண் ஒருத்தி சப்பாத்து வரிசையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள். இவருக்குப் பட்டையைத் திரும்பப் போட இருக்க இடம் வேண்டும். இவர் அவளைப் பார்த்தார். இடது கையால் கால் பக்கம் காட்டி, வாயைத் திறந்தார். "க... க..." என்றார். அவள் குனிந்து காத்துக்கொண்டு நின்றாள். "கதி..." அவ்வளவு தூரம் வந்துவிட்டது. என் நாக்கில் அந்தச் சொல் துள்ளியது. "செயர்! ஹி வோண்ட்ஸ் எ செயர், பிளீஸ்!" என்று கத்திவிட்டேன். அவள் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தாள்.

இவர் அதில் இருந்தார். நான் காலைத் தொட்டபோது தட்டிவிட்டார். இடது கையால், தானே, மூச்சு வாங்க வாங்கப் பட்டையைப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் என்னை ஒரு பக்கம் இழுத்தாள். "அவர் சொல்லிக்கொண்டு இருந்தவர், அம்மா. யூ ருக் இற் ஃப்ரொம் ஹிம்."

"கதிரை எண்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்?"

"விளங்கியிருக்கும். அவ வெயிற் பண்ணிக்கொண்டு நிண்டவ. உங்களுக்குத்தான் ஏலாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்ன பழமொழியில்லை. கெடுவது தவளை மட்டும் என்றால் பரவாயில்லை, நான் மற்றவரையும் கூட்டிக்கொண்டெல்லோ கெடுகிறேன். லிஃப்றுக்குள் இவர் "வீ... வீடு" என்றார். போவோம் என்று அர்த்தம். மகள் அவருடைய கையைப் பிடித்தாள். "சாப்பிட்டிட்டுப் போவம், அப்பா. பசிக்குது." அவளுக்குப் பசிக்கிறது என்றால் இவர் மறுக்க மாட்டார், ஒருநாளும் மறுத்ததில்லை. தலையை ஆட்டினார். ஆனால் நடக்கும்போது பொல்லை ஊன்றின விதத்திலேயே தெரிந்தது, மனிதர் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

குளிர்காலம் என்பதால் நேரத்தோடு இருட்டிவிட்டது. சைனா ரவுன் தெருவில் கூடாரக் கடைகள் வரிசையாக நின்றன. சிவப்பு விளக்குகளுக்குக் கீழே எங்கு பார்த்தாலும் புகை. குச்சியில் குத்திய கணவாய், வாட்டிய ஆட்டிறைச்சி, தேன் பூசிய பன்றி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. இந்த நாட்டில் எத்தனையோ வழக்கத்தை விட்டோம், அதை மட்டும் விடவில்லை. நோயில் கிடந்தபோதும் இவர் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் கோழியைத் தள்ளி வைத்தவர். சும்மா "நூடுல்ஸ்" என்று ஒரு சொல் சொல்லி வாங்குகிற இடமில்லை இது. என்ன வேண்டும் என்பதோடு என்ன வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும்.

மகள் ஒரு பிளாஸ்ரிக் மேசையைப் பிடித்து வைத்துக்கொண்டு அதிலேயே இருந்தாள். "அப்பா, எனக்கு என்ன வாங்கினாலும் ஓகே" என்றாள். இவர் அவளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு பொல்லை ஊன்றி ஒரு கடைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். சன நெரிசலில் விழுந்துவிடுவாரோ என்று நானும் பின்னால் போனேன். மகள் கையை வாயில் வைத்துக் காட்டினாள். தெரியும் என்று நானும் கையைக் காட்டினேன்.

மூங்கில் தட்டுகளை அடுக்கி அவிக்கிற கடை அது. தட்டைத் திறந்தால் வெள்ளை வெளேரென்று கொழுக்கட்டைகள். நாங்கள் அவிக்கிற மாதிரியே ஓரத்தில் பல்லுப் பல்லாக அமத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் இவர் இந்தக் கடைக்கு வந்தாரோ தெரியாது. கடைக்காரிக்கு என் வயது இருக்கும். தலையில் வலைத்தொப்பி, கையில் இடுக்கி. அவளுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு பலகையில் பன்றி, இறால், மாடு, மரக்கறி என்று படங்கள். வரிசை நகர்ந்து இவருடைய முறை வந்தது. "யெஸ்?" என்றாள்.

இவர் பொல்லைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இடது கையை உயர்த்திப் பலகையைக் காட்டினார். விரல் மாட்டுக்கும் மரக்கறிக்கும் இடையில் எங்கேயோ நின்றது.

"பீஃப்?"

"நோ" என்றார். நல்ல வடிவாக வந்தது. எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. பிறகு, "வெ..." என்றார். "வெ... வெ..." அதோடு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. கடைக்காரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பின்னால் நின்ற பெடியங்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். நான் என் கைப்பைப் பட்டியை முறுக்கினேன். கீழ் உதட்டைக் கடித்தேன். பிள்ளையாரையும் கன்ரீன்காரரையும் கூப்பிட்டேன். இவர் திரும்பவும் "வெ..." என்றார். கடைக்காரி விளங்கிவிட்டது என்று நினைத்து ஒரு தட்டைத் திறந்தாள். உள்ளே சிவப்புப் புள்ளி வைத்த கொழுக்கட்டைகள். பலகையில் மாட்டுப் படத்துக்குப் பக்கத்தில் அதே சிவப்புப் புள்ளி. இடுக்கி அதற்குள் இறங்கியது.

அவ்வளவுதான். என் வாய் வெடித்தது. "நோ மீற்! நோ பீஃப்! வெஜிற்றபிள் ஒன்லி! நோ ஃபிஷ் சோஸ்! ருடே ஃப்ரைடே, வீ டோண்ட்..."

இவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"நீர் கொஞ்சம் பேசாம இரும். நான் சொல்லுறன்."

நான் அப்படியே நின்றேன். தெருச் சத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஒரு இடத்திலும் தடக்கவில்லை, ஒரு எழுத்தும் குறையவில்லை. கலியாணம் முடித்த நாளில் இருந்து சபை சந்தியில், சம்பந்திமார் முன்னால், பாங்கில், மகளின் ரீச்சர் முன்னால் என்று அவர் என்னை அதட்டின அதே அதட்டல், அதே குரல். முந்தியெல்லாம் அதைக் கேட்டால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அன்றைக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போல இருந்தது.

தான் என்ன செய்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கோபத்தோடேயே கடைக்காரியின் பக்கம் திரும்பினார். அவள் இடுக்கியை வெளியே எடுத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றாள். "வெஜி..." என்றார். நின்றார். மூச்சை இழுத்தார். "வெஜிற்றபிள்." பிறகு விரல்களைக் காட்டி, "த்ரீ" என்றார். அவள் வேறு தட்டைத் திறந்து பச்சைப் புள்ளிக் கொழுக்கட்டைகளை மூன்று பெட்டிகளில் அடுக்கினாள். "சில்லி?" என்று போத்தலைத் தூக்கினாள். இவர் தலையாட்டினார். அவள் கொஞ்சம் ஊற்றி நிறுத்தினாள். "மோர்" என்றார் இவர். அவள் இன்னும் ஊற்றினாள். "மோர்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல நினைத்திருந்தாலும் வாய் வந்திராது, அழுதுகொண்டு நின்றேன்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் மேசைக்கு ஓடினேன். என் கண்ணைப் பார்த்ததும் மகளின் முகம் வாடிவிட்டது. எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "இற்ஸ் ஓகே, அம்மா. பரவாயில்லை. அப்பா ட்ரை பண்ணினவர்தானே."

"கொப்பர் எனக்கு ஏசிப்போட்டாரடி!" என்றேன்.

"வட்?"

"ஏசிப்போட்டார்! அவ்வளவு சனத்துக்கும் முன்னால! பேசாம இரும் எண்டு முழுசாச் சொல்லி ஏசிப்போட்டார்!" பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. எனக்கு இருந்த சந்தோஷப் புளுகத்தில் அந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன்.

இவர் ஆறுதலாக வந்து கதிரையில் இருந்தார். மகள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இன்னொருக்காச் சொல்லுங்கோ, பிளீஸ்" என்று கெஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டு வாயைத் திறந்தார். "பே..." என்றார். "பே... பே..." வரவில்லை. இரண்டு தரம் முயன்றார். வரவில்லை. இப்போது எல்லாம் பாழாகப் போகிறது என்று நினைத்தேன். அவர் இடது தோளை ஒருதரம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு கொழுக்கட்டையை எடுத்து முழுதாக வாய்க்குள் வைத்தார். மகள் அவசரமாக, "டஸின்ற் மாற்றர், அப்பா" என்றாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். உள்ளே கீரையும் காளானும். உறைப்பு மூக்கால் தண்ணி வர வைத்தது. நல்ல ருசியாகத்தான் இருந்தது.

பெட்டி முடிகிற நேரம் இவர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். என்னைப் பார்த்தார்.

"தி..." என்றார்.

திருப்பி வீட்டுக்குப் போவோம் என்கிறார். களைத்துவிட்டார், குளிரும் கூடிவிட்டது. நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அரைவாசி எழும்பிவிட்டேன். "திருப்பி" என்ற சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மகள் மேசைக்குக் கீழே என் முழங்காலை அமத்திப் பிடித்தாள். நான் உறைப்பில் எரிந்துகொண்டிருந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டு திரும்ப இருந்தேன்.

"தி... திங்..." கண்ணை மூடினார். நானும் மகளும் அசையவில்லை. பக்கத்தில் யாரோ கதிரையை இழுத்தார்கள், யாரோ பாட்டைச் சத்தமாகப் போட்டார்கள். நாங்கள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திங்கக்கிழமை" என்றார். கண்ணைத் திறந்தார். "போவம்."